அவன் பெயரைச் சொன்னால் வீடே அடங்கிப்போகிறது

கேள்வி: என் மகன் இறந்து 14 மாதங்கள் ஆகின்றன. ஒன்பது வயது. காய்ச்சல் என்று படுத்தவன் மூன்றாம் நாள் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். அன்றிலிருந்து என் கணவர் அவன் பெயரை உச்சரிப்பதே இல்லை. நான் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். இல்லையென்றால் “சின்னவள் எதிரில் வேண்டாம்” என்பார். சின்னவளுக்கு ஆறு வயது. அவளும் இப்போதெல்லாம் அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் அண்ணனைப் பற்றி என்னிடம் கேட்கிறாள். “பேசப் பேசப் புண் ஆறாது, மறக்கப் பார்” என்கிறார் மாமியார். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, நீ கோபத்திலேயே நின்றுவிட்டாய் என்கிறார் நாத்தனார். புதிதாகப் பழகுகிறவர்கள் “எத்தனை குழந்தைகள்?” என்று கேட்டால், ஒன்று என்று சொல்லிவிட்டு, அவனுக்குத் துரோகம் செய்துவிட்டதாக அன்று முழுவதும் தவிக்கிறேன். முதல் நாளே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் என்ற நினைப்பு ஒரு நாளும் விட்டதில்லை. காலையில் கண் விழிக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூடச் சில நாட்கள் தோன்றுகிறது. ஒரு வருடம் தாண்டியும் இப்படி இருப்பது மனநோயா? இவர் ஏன் இப்படிக் கல்லாகிவிட்டார்? உங்கள் பதிலை அவரிடம் காட்டலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரி,

உங்கள் மகனின் பெயரைக் கடிதத்தில் பல இடங்களில் எழுதியிருந்தீர்கள். உங்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக மட்டுமே இங்கே அதை எடுத்திருக்கிறோம். நான் ஒவ்வொரு இடத்திலும் அதைப் படித்தேன்.

போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். காலையில் கண் விழிக்காமல் இருந்திருக்கலாம் என்ற நினைப்பு, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் பலருக்கும் வருவதுதான். இந்த வலியைச் சுமந்துகொண்டு இன்னொரு நாளைத் தொடங்கத் தெம்பில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். ஆனால் அந்த நினைப்பு ‘எப்படி’, ‘எப்போது’ என்ற யோசனையாக மாறினாலோ, அவனிடமே போய்விடலாம் என்று மனம் இழுத்தாலோ, அது வேறு விஷயம். அப்போது மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அருகில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இன்றைக்கு அந்த அளவுக்கு இல்லை என்றாலும், இப்படியொரு நினைப்பு வருகிறது என்பதை யாராவது ஒருவரிடம் சொல்லி வையுங்கள். பேசினால் எண்ணம் வலுத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை.

இனி உங்கள் கணவர். அவர் கல்லாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அவரைப் பார்த்ததில்லை, அவருக்காக வாதாடவும் வரவில்லை. ஆனால் இந்த இடத்தில் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையை இழந்த 219 தம்பதிகளை, இழப்புக்குப் பின் 6, 13, 20 மாதங்கள் ஆன தறுவாயில் மூன்று முறை கேள்வி கேட்டுப் பதிவு செய்தார்கள். 2013இல் வெளியான அதன் முடிவு இதுதான்: துணையின் மனம் நோகக் கூடாது என்று ஒருவர் தன் துயரத்தை அடக்கிக்கொண்டால், அப்படி அடக்கியவரின் துயரமும் கூடுகிறது, யாருக்காக அடக்கினாரோ அவருடைய துயரமும் கூடுகிறது. “இவள் எதிரில் நான் உடைந்துவிடக் கூடாது” என்று ஒருவர் நினைப்பது மற்றவர் கண்ணுக்கு “இவருக்கு ஒன்றுமே இல்லை போலிருக்கிறது” என்று படுகிறது. பாதுகாப்பு என்று நினைத்துக் கட்டிய சுவருக்கு இரண்டு பக்கமும் ஆள் தனியாக நிற்கிறார்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தந்தையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. மகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதுதான் மனைவியின் குறை. தனியாகப் பேசியபோது அவர் சொன்னார்: வாரம் தவறாமல் மகளின் சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து வைக்கிறார். ஓட்டுவதற்கு ஆளில்லாத சைக்கிளில் காற்று தானாக இறங்குமே, அதை அவரால் பார்க்க முடியவில்லை. மனைவி தூங்கியபிறகுதான் செய்வார். பார்த்தால் அவளுக்கு இன்னும் வலிக்கும் என்று நினைத்தாராம். அந்த அம்மாவுக்கு நான் சொல்லவில்லை; அவரையே சொல்லவைத்தேன். அன்று இருவரும் என் எதிரில் பேசிக்கொண்டதைவிட அதிகம் வீட்டுக்குப் போகும் வழியில் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சிலர் அழுது, பேசித் துக்கப்படுவார்கள். சிலர் கையால் எதையாவது செய்து துக்கப்படுவார்கள். முன்னது பெண்களிடமும் பின்னது ஆண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது, ஆனால் நேர்மாறாக இருக்கும் தம்பதிகளும் ஏராளம். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் இன்னொன்றையும் எடுத்துச் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பையே நினைத்துக் கிடக்கும் நேரமும் உண்டு, அதைத் தள்ளிவைத்துவிட்டு அன்றாட வேலைகளில் தலையைக் கொடுக்கும் நேரமும் உண்டு. இந்த இரண்டுக்கும் இடையே போய்வருவதுதான் இயல்பு. உங்கள் வீட்டில் நீங்கள் முதல் கரையிலும் அவர் இரண்டாம் கரையிலுமாகப் பிரிந்து நிற்கிறீர்கள். இருவருக்கும் மறுகரைக்கு வந்துபோக வழி வேண்டும். அவர் அழ ஆரம்பித்தால் அடித்துச் செல்லப்படுவோம் என்று பயப்படலாம். நீங்கள் ஒரு நாள் சிரித்துவிட்டால் அவனை மறந்துவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயப்படலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பேசித் தீர்த்தால்தான் துக்கம் குறையும் என்பதற்கு ஆய்வுகள் உறுதியாகத் துணை நிற்பதில்லை. பேச விரும்பாதவரை வற்புறுத்திப் பேசவைப்பது பலன் தருவதில்லை. சிலருக்குக் கெடுதலாகவும் முடிகிறது. ஆகவே அவரை அழவைப்பது உங்கள் வேலை அல்ல. அவன் பெயர் வீட்டில் இயல்பாகப் புழங்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. நீங்கள் சொல்வதற்கு அவர் அனுமதி தேவை இல்லை. அவர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

எப்படித் தொடங்குவது? நேருக்கு நேர் உட்கார்ந்து, “உங்களிடம் முக்கியமாகப் பேச வேண்டும்” என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் அவர் எழுந்து போய்விடுவார் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் நடந்துகொண்டோ, துணி மடித்துக்கொண்டோ, முகம் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் சொல்லுங்கள். அவன் காய்ச்சலில் கிடந்த கடைசி மூன்று நாட்களை எடுக்காதீர்கள். அவன் உயிரோடு, சேட்டையோடு இருந்த ஏதாவது ஒன்றை எடுங்கள். “இன்றைக்கு அவனுடைய கணக்கு நோட்டு கையில் கிடைத்தது. கடைசிப் பக்கம் முழுக்கக் கார் படம் வரைந்து வைத்திருக்கிறான். நீங்கள் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை, எனக்குச் சொல்லத் தோன்றியது.” இவ்வளவு போதும். அவர் பேசாமல் இருந்தால், நீங்களும் பேச்சை மாற்றிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. பல வீடுகளில் மூன்றாவது, நான்காவது தடவையில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வாக்கியம் வரும். அது அழுகையாகவோ எரிச்சலாகவோகூட வரலாம். எரிச்சலாக வந்தால், “இன்றைக்கு வேண்டாமா? சரி” என்று விட்டுவிடுங்கள். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருவருக்கும் உண்டு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று தெரிந்தால்தான் பயந்தவர்கள் வேண்டும் என்று சொல்லத் துணிவார்கள்.

பிள்ளையை இழந்த தம்பதிகள் பெரும்பாலும் பிரிந்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. யாராவது உங்கள் காதிலும் போட்டிருக்கலாம். அதற்கு ஆதாரம் கிடையாது.

முதல் நாளே கொண்டுபோயிருந்தால் என்ற நினைப்புக்கு வருகிறேன். “உன் மேல் தப்பே இல்லை” என்று பலர் சொல்லியிருப்பார்கள், ஒருவர் சொன்னதும் உள்ளே இறங்கியிருக்காது. நானும் அதையே சொல்லி உங்களை மூடிவிட விரும்பவில்லை. மூளைக்காய்ச்சலின் தொடக்கம் சாதாரணக் காய்ச்சலைப் போலவே இருக்கும். அதைப் பிரித்தறிய மருத்துவர்களே திணறுவார்கள். சிலவகைக் கிருமிகளால் வந்தால் 24 மணி நேரத்துக்குள் உயிரைப் பறித்துவிடக் கூடியது அது. முடிவு தெரிந்தபிறகு திரும்பிப் பார்க்கும்போதுதான் முதல் நாள் காய்ச்சல் ஓர் எச்சரிக்கையாகத் தெரிகிறது. அன்று உங்கள் கையில் இருந்தது, குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் இன்னொரு காய்ச்சல்.

இருந்தாலும் இதை என்னிடமிருந்து கேட்பது போதாது. அவனுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் நேரம் கேட்டு, முடிந்தால் இருவருமாகப் போய், மனதில் இருப்பதை அப்படியே கேளுங்கள்: ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வலித்ததா? கடைசியில் எங்கள் குரல் கேட்டிருக்குமா? இறந்த சில வாரங்களில் கேட்க வாய் வராத கேள்விகள் இவை. ஒரு வருடம் கழித்து வந்து கேட்கும் பெற்றோர் உண்டு. அக்கறையுள்ள மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவர் சொல்லும் பதில் நீங்கள் விரும்பும் பதிலாகவே இருக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் இரவில் நீங்களாகக் கற்பனை செய்துகொள்ளும் பதில்களுக்கு முடிவே கிடையாது. போவதற்கு முன்னால் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அங்கே போனால் தொண்டை அடைத்துவிடும்.

இந்த நினைப்பு உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். அன்று அவரும் அதே வீட்டில்தான் இருந்தார். அவர் உங்களைக் குற்றம் சொல்கிறாரோ என்று நீங்களும், நீங்கள் அவரைக் குற்றம் சொல்கிறீர்களோ என்று அவரும் ஒரு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் மனதில் அப்படி இல்லை என்றால், அதைச் சொல்லிவிடுங்கள்: “இது நடந்ததற்கு நான் உங்களைக் குறை நினைக்கவில்லை.” உண்மையிலேயே மனதின் ஒரு மூலையில் குறை இருக்கிறது என்றால், அதை ஒரு ஆலோசகர் உடன் இருக்கும்போது பேசுவதே பாதுகாப்பு.

சின்னவளைப் பற்றித்தான் எனக்கு அவசரம். அப்பா இல்லாத நேரம் பார்த்துக் கேட்கிறாள் என்றால், வீட்டின் எழுதாத சட்டத்தை அவள் படித்துவிட்டாள் என்று பொருள். ஆறு வயதில் அப்பாவைக் காப்பாற்றும் வேலையைத் தலையில் தூக்கிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வயதில் மரணத்தைப் பற்றிய புரிதல் பாதி வளர்ந்திருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே, இறந்தவர் திரும்பி வரலாம் என்றே பெரும்பாலும் நினைப்பார்கள். ஐந்திலிருந்து ஏழுக்குள் அது மீளாதது, எல்லோருக்கும் வருவது என்பது மெல்லப் பிடிபடும். ஆகவே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அதே எளிய பதிலைச் சொல்லுங்கள். தூங்குகிறான், ஊருக்குப் போயிருக்கிறான் என்ற வார்த்தைகள் வேண்டாம். தூங்கப் பயப்படுவாள், நீங்கள் வெளியூர் கிளம்பினால் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டாள். “அண்ணன் இறந்துவிட்டான். அவன் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இனி அவன் வரமாட்டான். நமக்கு அது ரொம்ப வருத்தமாக இருக்கிறது” என்று சொல்லலாம். உங்கள் நம்பிக்கைப்படி அதற்கு மேல் சொல்வது உங்கள் விருப்பம், ஆனால் முதலில் இந்த நான்கு வாக்கியங்கள்.

அவனுக்கு வந்தது காய்ச்சல். எனவே தனக்கு உடம்பு சுட்டாலே அவள் மனதுக்குள் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். “அண்ணனுக்கு வந்தது வேறு, எப்போதாவது வரும் கடுமையான நோய். உனக்கு வருகிற காய்ச்சல் சரியாகிவிடுகிற காய்ச்சல், எனக்குச் சந்தேகம் வந்தால் உடனே டாக்டரிடம் போவோம்” என்று, அவள் கேட்பதற்கு முன்பே சொல்லி வையுங்கள். இன்னொன்று. அண்ணன் தங்கை என்றால் சண்டை இருந்திருக்கும். கோபத்தில் தான் சொன்ன சொல்லால்தான் இப்படி ஆயிற்று என்று இந்த வயதுக் குழந்தைகள் நினைத்துக்கொள்வது சகஜம், வெளியே சொல்ல மாட்டார்கள். நீ சொன்னதாலோ நினைத்ததாலோ செய்ததாலோ இது வரவில்லை என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அழுதுவிட்டு ஐந்தாவது நிமிடம் விளையாட ஓடிவிட்டால், உறைக்கவில்லை என்று எண்ண வேண்டாம். குழந்தைகள் துக்கத்தைச் சிறு சிறு தவணையாகத்தான் தாங்குவார்கள்.

“சின்னவள் எதிரில் வேண்டாம்” என்று கணவர் சொன்னால், “அவள் என்னிடம் ரகசியமாகக் கேட்கிறாள், உங்களுக்குத் தெரியக் கூடாது என்று பார்த்துக்கொள்கிறாள்” என்பதை மட்டும் சொல்லுங்கள். குற்றச்சாட்டாகச் சொல்லாதீர்கள். இந்தச் செய்தி பல அப்பாக்களை அசைத்திருக்கிறது.

எத்தனை குழந்தைகள் என்ற கேள்விக்குச் சரியான ஒரே பதில் என்று எதுவும் இல்லை. நடக்கும் பாதையில் ஒரு முறை பார்க்கும் மனிதரிடம் “ஒன்று” என்று சொல்லிவிட்டு நகர்வது துரோகம் ஆகாது. உங்கள் மகனைத் தெரிந்துகொள்ளும் தகுதி எல்லோருக்கும் இல்லை. தொடர்ந்து பழகப்போகிறவர் என்றால், “இரண்டு பேர். மூத்தவன் போன வருடம் இறந்துவிட்டான். சின்னவளுக்கு ஆறு வயது” என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கடைசி வாக்கியத்தைச் சேர்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது: எதிரில் இருப்பவர் திகைத்து நிற்கும்போது பேச்சைத் தொடர அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். வீட்டில் தனியாக நாலைந்து தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் சின்னவள் நிற்கும்போது “ஒன்று” என்று சொல்லாதீர்கள். இறந்தால் எண்ணிக்கையிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்று அவள் கணக்குப் போட்டுவிடுவாள்.

நாத்தனாரின் ஐந்து கட்டங்களுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். அதை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதினார், மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பிள்ளையை இழந்தவர்கள் வரிசையாக ஏற வேண்டிய படிகளாக அது பிற்பாடு ஆக்கப்பட்டது. உங்களுக்குக் கோபம் இருக்கிறது என்றால் கோபம் இருக்கிறது, நீங்கள் எந்தத் தேர்விலும் பின்தங்கிவிடவில்லை.

மாமியாரின் “மறக்கப் பார்” என்பதற்கு மட்டும் கொஞ்சம் பெரிய பரம்பரை உண்டு. இறந்தவர் மேல் வைத்த பற்றை மனம் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் பிராய்டே 1917இல் எழுதினார். 1920இல் அவருடைய மகள் சோபி இன்புளுவென்சாவில் இறந்துபோனார். 1929இல், மகனை இழந்திருந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், கடுமையான வேதனை தணியும், ஆனால் அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, அது அப்படி இருப்பதே சரி என்ற பொருளில் எழுதினார். பிறகு 1996இல் டென்னிஸ் கிளாஸ் முதலான ஆய்வாளர்கள், குழந்தையை இழந்த பெற்றோரோடு பல ஆண்டுகள் பழகி, பெற்றோர் அந்த உறவை முறித்துக்கொள்வதில்லை, வேறு வடிவில் தொடர்கிறார்கள், அதில் கோளாறு ஏதும் இல்லை என்று எடுத்துக்காட்டினார்கள். மாமியாரோடு இதை வாதிட வேண்டாம். பேரனைப் பறிகொடுத்தவர் அவர். உங்களுக்குச் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொள்கிறாரோ என்னவோ. “அவன் சின்ன வயதில் உங்களிடம் என்ன சேட்டை செய்தான்?” என்று அவரிடமே ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

மனநோயா என்று கேட்டீர்கள். நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் அதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பெரியவர்களுக்கு இழப்புக்குப் பின் குறைந்தது 12 மாதங்கள் ஆகியிருக்க வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் ஆறு மாதங்கள் என்கிறது. ஆனால் மாதக்கணக்கு மட்டும் போதாது. ஏக்கம் அநேகமாகத் தினமும் ஆளை வீழ்த்தி, வேலை, சாப்பாடு, தூக்கம், மற்ற குழந்தையின் பராமரிப்பு ஆகியவை நின்றுபோயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடிதத்தை வைத்து நான் அதை முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. நேரில் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். நீங்கள் எழுதிய அந்தக் காலை நேர நினைப்பு ஒன்றே அதற்குப் போதுமான காரணம். இதற்கென்றே வகுக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, பலருக்குப் பலன் தருகிறது.

உங்களைப் போன்ற பெற்றோரையும் தேடிப் பாருங்கள். 1968இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஒரே மருத்துவமனையில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அங்கே பணியாற்றிய இளம் பாதிரியார் சைமன் ஸ்டீபன்ஸ், தான் சொல்லும் ஆறுதலைவிட அந்த இரண்டு குடும்பங்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வது அவர்களுக்கு உதவுவதைக் கவனித்தார். அடுத்த ஆண்டே அது ஓர் அமைப்பாயிற்று; இன்று பல நாடுகளில் இருக்கிறது. அந்த அமைப்பேதான் வேண்டும் என்பதில்லை. பேர் சொன்னதும் பேச்சை மாற்றாத ஒரு தாய் கிடைத்தாலும் போதும்.

பதிலைக் கணவரிடம் காட்டலாமா? காட்டலாம். ஆனால் அவர் கண்ணில் படட்டும் என்று மேஜைமேல் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடாதீர்கள். தன் மேல் புகார் எழுதியிருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றும், உங்கள் கேள்வியில் ‘கல்’ என்ற வார்த்தையும் இருக்கிறது. “நான் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். அதில் உங்களைப் பற்றிக் கோபமாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறேன்” என்று முன்னாலேயே சொல்லிவிட்டுக் கையில் கொடுங்கள். முழுதும் படிக்க மனமில்லை என்றால், சின்னவளைப் பற்றிய பகுதியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.